பார்த்தவன் ஏன் சொல்லலை?

மெட்ராஸ்
22-1-1995

அக்காவுக்கு,

தாசு எழுதுகிறேன். நல்ல சேதி ஒன்றோடு உங்களுக்கு எழுதி நாளாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு டிவியில் மாலினி என்ற பெண்ணை வைத்து ஒரு நாடகம் போன வாரத்துக்கு முந்தின வாரம் தொடங்கியதே, அதில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கதை எழுதுகிறவரை நாங்கள் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். வசனத்தில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். என் பெயரைப் போட மாட்டார்கள். பரவாயில்லை.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். எங்களுக்கு வருகிற கடிதங்களில் பாதி 'அருமை' என்கிறது, மீதி மாலினியின் புடவை எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. நீங்கள் வேலை பார்க்கிற லாட்ஜ் ஹாலில் வேலை செய்கிறவர்களும் தங்க வந்தவர்களும் ஒன்றாகத்தானே உட்கார்ந்து பார்க்கிறீர்கள்? அவர்கள் எந்த இடத்தில் வாயடைத்துப் போனார்கள், எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்களைப் போல ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறவர் இங்கே யாரும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு இந்த வருஷமும் வர முடியவில்லை. வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். ராசம்மாள் அத்தையின் வயிற்று வலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன ஆபரேஷனைச் செய்துவிடச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் தம்பி
கிறிஸ்துதாஸ்


ஏற்காடு
9-2-1995

தாசு கண்ணு,

கடிதாசி கிடைச்சுது. உனக்கு வேலை கிடைச்சதை அத்தைகிட்ட சொன்னேன். நொம்ப சந்தோசம்னாங்க.

நாலு வாரமாப் பாக்கறேன். மொத வாரத்துல இருந்தே எல்லாரும் பாக்கறாங்க. லாட்ஜ் மொதலாளியம்மா சரஸ்வதியம்மா நாற்காலியில, தங்க வந்தவங்க சோபாவுல, சமையல்கார குப்பாயியும் நானும் சுவத்துல சாஞ்சுக்கிட்டு. வாட்ச்மேன் அம்மாசி அண்ணன் மாடியில ஆன்டெனாவத் திருப்பிக்கிட்டு "இப்பத் தெரியுதுங்களா, இப்பத் தெரியுதுங்களா"ன்னு கத்துவாரு. பனி எறங்கிருச்சுன்னா படத்துல புள்ளி புள்ளியா வரும்.

நீ கேட்டதைச் சொல்றேன். மாலினிக்கு வந்த கடிதாசியெல்லாம் ஒளிச்சு வச்சது மாமியாக்காரிதான்னு தெரிஞ்சுதே, அன்னைக்கு ஹால்ல ஒருத்தரும் மூச்சு விடலை. முடிஞ்சதும் குப்பாயி, "நான் அன்னைக்கே சொன்னேன்"னா. சரஸ்வதியம்மாவும் அதையேதான் சொன்னாங்க. மெட்ராஸ்ல இருந்து வந்த ஒரு சாரும் சொன்னாரு. ஒருத்தரும் சொல்லலை தாசு, நான் அங்கதான் இருந்தேன். ஆனா ரெண்டாவது வாரத்துல அந்தம்மா பீரோ சாவிய இடுப்புல செருகறதைக் காட்டினீங்கல்ல, அதை எல்லாரும் பாத்திருந்தோம். அதனால தங்களுக்கு முன்னாடியே தெரியும்னு நெனச்சுக்கிட்டாங்க. அப்படி நெனக்க வச்சா சனங்களுக்குப் புடிக்குது.

இந்த வாரம் டாக்டர் வந்து "நான்தான் சின்ன வயசுல தொலைஞ்சு போன உன் அண்ணன்"னான் பாரு, அது நல்லா இல்லை. யாரும் திட்டலை. அம்மாசி அண்ணன் மோட்டார் போடணும்னு எந்திரிச்சுப் போனாரு. குப்பாயி ரசத்துக்குப் புளி கரைக்கப் போனா. மாலினிக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான்னு அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னீங்களா? எங்களை ஏமாத்திட்டீங்கன்னு கூட யாருக்கும் தோணலை. எங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு ஆயிருச்சு.

அத்தைய சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பித்தப்பையில கல்லு. டாக்டர், "மகன் எங்கம்மா, கையெழுத்துப் போடணுமே"ன்னாரு. மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டிட்டு இருந்தாருங்க, ரெண்டு வருசம் நாலு மாசத்துக்கு முன்னால ஆரஞ்சு ஏத்திக்கிட்டு சேலம் வந்தாரு, ஜீப் பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சு, சாவி சீட்டுக்கு அடியில இருந்துச்சு, ஆளைக் காணோம்னு சொன்னேன். அவரு பேனாவை மூடிட்டாரு. பொண்டாட்டி நீ போடலாம்மா, மருமகதானேன்னாரு. அத்தை கேக்கலை. "எம் மகன் வரட்டும், அவன் கையெழுத்துல அறுக்கட்டும்"னு எந்திரிச்சு வந்துட்டாங்க.

வேற சேதி இல்லை. காப்பி பூத்திருக்கு.

செல்வி


மெட்ராஸ்
20-2-1995

அக்கா,

உங்கள் கடிதத்தை ஐயாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். 'எங்களுக்குச் சம்பந்தமில்லைன்னு ஆயிருச்சு' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு டாக்டர் அண்ணனை மூன்றே வாரத்தில் வெளிநாடு அனுப்பிவிடு என்றார். உங்களால் ஒரு நடிகருக்கு வேலை போயிற்று.

ஐயா சொல்வது இது: திருப்பம் என்பது பார்க்கிறவர்களின் கண்முன்னாலேயே கிடக்க வேண்டும், அவர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புதிதாகக் கொண்டுவந்து கொட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நீங்களும் அதைத்தான் சாவியை வைத்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

இன்னொரு சேதி. பதின்மூன்று வாரத்தோடு முடிய வேண்டிய நாடகத்தை இருபத்தாறாக நீட்டச் சொல்லிவிட்டார்கள். கதை கைவசம் இல்லை. எல்லோரும் ஒரு யோசனை சொல்லச் சொன்னார்கள். நானும் ஒன்று சொன்னேன். ஐயா உடனே எடுத்துக்கொண்டார், டைரக்டரும் சரி என்றார். என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன். பார்த்த பிறகு எழுதுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தாசு


ஏற்காடு
16-3-1995

தாசு,

பாத்தேன்.

மாலினி புருசன் சேகர் வேன் எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போறான். சாயங்காலம் வரலை. மறுநாள் வேன் பஸ் ஸ்டாண்டுல நிக்குது. போலீஸ்காரர் சீட்டைத் தூக்கிச் சாவிய எடுக்கறாரு. மாலினி ரெண்டு தட்டு வச்சுட்டு ஒரு தட்டை எடுத்து உள்ள வைக்கறா. மாமியா, "கதவைத் தாழ் போடாத"ன்றா.

சாவிய எடுத்தப்பவே ஹால்ல எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. தங்க வந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்க மட்டும் டிவியப் பாத்தாங்க. சரஸ்வதியம்மா எந்திரிச்சு அணைக்கப் போனாங்க. "வேண்டாங்க, ஓடட்டுங்க"ன்னேன். ஓடி முடிஞ்சுது. நான் போயி மாடி ரூம்களுக்குப் போர்வை குடுத்துட்டு வந்தேன். எட்டுப் போர்வை. ஒண்ணுல ஓரம் பிரிஞ்சிருந்துச்சு, உக்காந்து தைச்சேன்.

கோபம் இருக்கான்னு நீ கேப்ப. தேடிப் பாத்தேன், இல்லை. அழுகையும் வரலை. அந்தப் பொண்ணு தட்டை எடுத்து வச்சது சரியில்லை, அவ்வளவுதான் தோணுச்சு. நான் எடுத்து வைக்கலை தாசு. ரெண்டு வாரம் வச்சுட்டே இருந்தேன். அப்புறம் அத்தைதான் எடுத்தாங்க.

ஆனா ஒண்ணு. குப்பாயி ஊட்டுக்கு வந்து அத்தைகிட்ட கதையச் சொல்லிட்டா. அத்தை தவக்காலத்துல டிவி பக்கம் போகவே மாட்டாங்க. இந்த வாரம் வயித்தப் புடிச்சுக்கிட்டு மேடேறி வந்து முன்னால உக்காந்தாங்க. முடிஞ்சதும் என் கையப் புடிச்சு, "கண்ணு, நாடகத்துல அவன் வர்ற அன்னைக்கு லாசரும் வருவான். தாசுதானே எழுதறான். அவன் தெரியாமயா எழுதுவான்"ன்னாங்க. ஊட்டுக்கு வர்ற வரைக்கும் அதையே சொல்லிட்டு வந்தாங்க. ஆபரேசன் பேச்சை எடுத்தா, "இன்னும் கொஞ்ச வாரந்தானே"ங்கறாங்க.

அதனால கேக்கறேன். அந்த ஆளு வர்றானா, இல்லையா? நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? வர்றதா இருந்தா வேண்டாம். நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை.

செல்வி


மெட்ராஸ்
24-3-1995

அக்கா,

உங்களைக் கேட்காமல் செய்தது தப்புத்தான். அன்றைக்கு எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், என்னிடம் வேறு எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த கதை அது ஒன்றுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இன்னும் முடிவாகவில்லை. டைரக்டர், கடைசி வாரம் சேகர் திரும்பி வரட்டும், தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. மறதியைக் கொண்டுவந்தால் யார் மேலும் தப்பில்லை என்று ஆகிவிடும், அப்புறம் இத்தனை வாரம் எதற்குப் பார்த்தோம் என்று ஜனங்கள் கேட்பார்கள் என்கிறார். செத்துவிட்டான் என்று முடிக்க அவருக்கு விருப்பம். இரண்டு பேரும் இதைப் பற்றித் தினமும் சண்டை போடுகிறார்கள்.

அதற்கு நடுவில் ஒரு காட்சியை என்னையே எழுதச் சொன்னார் ஐயா. வரி மாற்றாமல் எடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் பதினொன்றாம் தேதி வரும். அதை மட்டும் நீங்கள் தவறாமல் பாருங்கள், அக்கா. முடிந்தால் அத்தையைக் கூட்டிப் போகாதீர்கள்.

தாசு


ஏற்காடு
12-4-1995

தாசு,

அத்தை வந்தாங்க. தடுக்க முடியலை.

மாலினியோட தம்பி ரகு வேற ஊருக்குப் போறான். டீக்கடையில சேகர் நிக்கறான். தோள் மேல ஒரு புள்ளை. புள்ளைக்கு மூக்கு ஒழுகுது, சட்டை நுனியில தொடச்சு விடறான். ரகுவும் அவனும் பாத்துக்கறாங்க. "அக்காகிட்ட சொல்லாத மாப்ள"ன்றான். ரகு பஸ் ஏறிடறான்.

ஹால்ல ஒரே சத்தம். இவ்வளவு கோபத்தை நான் எந்த வாரமும் பாத்ததில்லை. "கூடப் பொறந்தவன் எவனாச்சும் இப்படிப் பண்ணுவானா? பாத்தவன் ஏன் சொல்லலை?"ன்னு சரஸ்வதியம்மா கேட்டாங்க. "கதைய நீட்டறதுக்காகப் பண்றாங்கம்மா, சொல்லிட்டா அடுத்த வாரமே முடிஞ்சுருமே"ன்னு ஒரு சாரு சொன்னாரு. எல்லாரும் ஆமான்னாங்க. அத்தை மட்டும், "உசுரோட இருக்கான், உசுரோட இருக்கான்"னு கும்புட்டாங்க.

எனக்கு மட்டும் அது நம்பும்படியா இருந்துச்சு.

நீ பொய்யா ஒண்ணு எழுதினா, எல்லாரும் நம்பற மாதிரி எழுதுவ. சின்ன வயசுல இருந்து அப்படித்தான். இதை ஒருத்தரும் நம்பலை. அங்கதான் எனக்குத் தெரிஞ்சுது. ஊட்டுக்கு வந்து உன் பழைய கடிதாசியெல்லாம் எடுத்துப் பாத்தேன். மொத வருசம் எல்லாத்துலயும் "மாமாவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா" ன்னு கேட்டிருக்க. தொண்ணூத்து மூணு டிசம்பருக்கு அப்புறம் ஒரு கடிதாசியிலயும் கேக்கலை. கிறிஸ்துமஸுக்கும் அந்த வருசத்துல இருந்துதான் வர்றதில்லை.

எந்த ஊரு?

நாளைக்கு மறுநாள் பெரிய வெள்ளி. கோயில்ல வேலை இருக்கு.

செல்வி


மெட்ராஸ்
17-4-1995

அக்கா,

ஓசூர்.

தொண்ணூற்று மூன்று டிசம்பர் ஆறாம் தேதி. ஒரு விளம்பரப் படத்துக்கு இடம் பார்க்கப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூச்செடி வளர்க்கிற நர்சரி ஒன்று இருக்கிறது. மாமா அங்கே வேன் ஓட்டுகிறார். ஒரு பெண்ணோடு இருக்கிறார், புருஷன் இறந்துபோனவள். அந்தக் குழந்தை மாமாவுடையது இல்லை, அவள் கூட்டி வந்தது. அப்போது அதற்கு மூன்று வயது இருக்கும்.

நான் காட்சியில் எழுதியது நடந்ததில் பாதிதான். "செல்விகிட்ட நான் செத்துட்டேன்னு சொல்லிரு மாப்ள. அது முடியாட்டி ஒண்ணும் சொல்லாத" என்றார். நான் ஏன் போனீர்கள் என்று கேட்டேன். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன், அக்கா. அதை எழுதும்போது வெட்டிவிட்டேன். ரகு டீ குடித்தான் என்று காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

பஸ்ஸில் ஏறினபோது அன்றைக்கே உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். கிருஷ்ணகிரி வரைக்கும் மனசுக்குள் வரிகளைக் கூட அமைத்துக்கொண்டேன். வேலூர் வருவதற்குள் வேறு மாதிரி தோன்றியது. அக்கா இப்போதுதான் வேலைக்குப் போகிறார், இப்போதுதான் சரியாகச் சாப்பிடுகிறார் என்று அத்தை எழுதச் சொல்லியிருந்தார்களே, இதைக் கொண்டுபோய்ப் போட்டால் மறுபடி முதலிலிருந்தா என்று நினைத்தேன். பொங்கல் கழியட்டும் என்றேன். பிறகு ஈஸ்டர் கழியட்டும். ஒரு வருஷம் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்ற பயம்தான் மிச்சம். மாமா செய்ததைவிட நான் செய்தது பெரிதாகிக்கொண்டே போயிற்று.

எழுதிக் காட்டிவிட்டால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள், நான் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அதுவும் கோழைத்தனம்தான்.

திட்டி எழுதுங்கள்.

தாசு


மெட்ராஸ்
28-5-1995

அக்கா,

ஆறு வாரமாகிறது. சீசன் நேரம், லாட்ஜ் நிறைந்திருக்கும், எழுத நேரமிருக்காது என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாடகத்தில் ரகுவை எடுத்துவிட்டார்கள். முந்நூறு கடிதம் வந்ததாம், எந்தத் தம்பியும் இப்படிச் செய்ய மாட்டான் என்று. ஒரு வசனத்தில் துபாய்க்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வசனத்தையும் நான்தான் எழுதினேன். முடிவு டைரக்டர் சொன்னதுதான், டீக்கடைக் காட்சியோடு ஒட்டாவிட்டாலும். சேகருக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது, கடைசி வாரம் நினைவு வரும். ஐயா வாதாடுவதை விட்டுவிட்டார்.

ஒரு வரி போதும்.

தாசு


ஏற்காடு
8-7-1995

தாசு,

எழுதாததுக்கு சீசன் காரணம் இல்லை. எழுத உக்காந்தா என்ன எழுதறதுன்னு தெரியலை. இப்ப நடந்ததைச் சொல்றேன்.

ஈஸ்டர் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு அத்தைகிட்ட சொன்னேன். "அவரு இருக்காருங்க அத்தை. ஓசூர்ல. வேற குடும்பத்தோட." அத்தை அரிசியில கல்லுப் பொறுக்கிட்டு இருந்தாங்க. "அதான் நாடகத்துல பாத்தேனே"ன்னாங்க. அவங்களுக்கு அது புதுசா இல்லை. ரெண்டு கல்லை எடுத்துப் போட்டுட்டு, "புள்ளை வேற இருக்குதா?"ன்னாங்க. "அவரு புள்ளை இல்லைங்க." "அப்பச் சரி"ன்னாங்க. என்ன சரின்னு நான் கேக்கலை.

சீசன் ஓய்ஞ்சதும் ஜூன் பன்னெண்டாம் தேதி போனோம். கீழ எறங்கி, சேலத்துல பஸ் மாறி, மத்தியானம் ஓசூரு. நர்சரியக் கண்டுபுடிக்கக் கஷ்டமே இல்லை. லாசர் வேன்ல தொட்டி ஏத்திட்டு இருந்தாரு. முடி நரைச்சிருக்கு. எங்களைப் பாத்ததும் கையில இருந்த தொட்டியக் கீழ வைக்கலை. புடிச்சுக்கிட்டே நின்னாரு.

அத்தை, "சாப்ட்டியா சாமி?"ன்னாங்க.

"இல்லம்மா."

"வயித்துல கல்லுடா எனக்கு. அறுக்கணுங்கறாங்க."

அவரு என்னைப் பாத்தாரு. பஸ்ல வர்றப்ப மூணு வருசமா நெனச்சு வச்சதெல்லாம் கேக்கணும்னுதான் வந்தேன். "ஏனுங்க போனீங்க?"ன்னு மட்டும் வந்துச்சு.

"தெரியல செல்வி. ஜீப்ப நிறுத்தினேன். டீ குடிச்சேன். திரும்ப ஏற முடியல."

"என் மேல ஏதாச்சும்?"

"இல்ல."

"இந்தப் பொம்பளைய அப்பவே தெரியுங்களா?"

"இல்ல. இவங்களை அதுக்கப்புறம் ஏழு மாசம் கழிச்சுத்தான் தெரியும்."

அவ்வளவுதான் தாசு. மூணு வருசத்துக்கு அவ்வளவுதான் பதில். நாடகத்துல இப்படி ஒருத்தன் சொன்னா ஹால்ல இருக்கறவங்க டிவியவே ஒடச்சிருப்பாங்க. அடிபட்டுச்சு, மறந்துபோச்சு, கடன்காரன் தொரத்தினான், ஏதாவது ஒண்ணு வேணும். நானும் அப்படி ஒண்ணுக்குத்தான் அங்கயே நின்னுட்டு இருந்தேன். அவரு பொய் சொல்லலை. அவருக்கே தெரியலைங்கறது மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சுது. அப்ப எனக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டா, ஒண்ணும் வரலை. வேன் கண்ணாடியில செம்மண்ணு அப்பியிருந்துச்சு, தொடச்சாத் தேவலைன்னு தோணுச்சு.

அந்தப் பொம்பளை வெளிய வந்து, "உள்ள வாங்க, வெயில்ல நிக்கறீங்களே"ன்னா. யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அத்தை உள்ள போனாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்தேன். ஒரு மணி நேரம். அந்தச் சின்னப் புள்ளை வந்து என்னைப் பாத்துட்டுப் பாத்துட்டு ஓடுச்சு. அத்தை அங்கயே இருந்துருவாங்கன்னுதான் நெனச்சேன். மகன் ஊடு. அவங்க துணியெல்லாம் ஒரு பையில கட்டி நானே கொண்டு போயிருந்தேன், அவங்களுக்குத் தெரியாம.

அத்தை வெளிய வந்தாங்க. "பஸ் எத்தனை மணிக்கு?"ன்னாங்க.

"இருக்கலைங்களா அத்தை?"

"எங்க இருக்கறது? அவன் என்னை உக்கார வச்சு, யாரோ விருந்தாளிக்கு ஊத்தற மாதிரி கொழம்பு ஊத்தறான். நட."

பையக் காட்டினேன். பாத்துட்டு முன்னால நடந்தாங்க. பஸ்ல வலி வந்து ரெண்டு தடவை வாந்தி எடுத்தாங்க. தர்மபுரி தாண்டினதும், "கையெழுத்த நீயே போட்டுரு"ன்னாங்க. அப்புறம் தூங்கிட்டாங்க, என் மேல சாஞ்சு.

மறு ஞாயித்துக்கிழமை கோயில்ல சாமியாரைப் பாத்து, காணாமப் போனவங்களுக்கான ஜெபத்துல லாசர் பேரை இனி வாசிக்க வேண்டாங்கன்னு சொன்னேன். "ஏம்மா?"ன்னாரு. "கிடைச்சுட்டாருங்க"ன்னேன். "ஆண்டவருக்கு நன்றி"ன்னு என் தலை மேல கை வச்சாரு. நானும் நன்றின்னுட்டு வந்தேன். வேற என்ன சொல்றது.

நாடகத்தோட கடைசி வாரம் நான் பாக்கலை. துணி ரூம்ல இருந்தேன். கை தட்டற சத்தம் கேட்டுச்சு. சேகருக்கு நெனப்பு வந்துருச்சாம், மாலினி அழுதாளாம், மாமியா சூடம் கொளுத்தினாளாம். சரஸ்வதியம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டே வந்து, "நல்லா முடிச்சுட்டாங்க செல்வி"ன்னாங்க. நாங்க ஓசூரு போனது அவங்களுக்குத் தெரியாது. அம்மாசி அண்ணன் மட்டும் ஆன்டெனா கம்பியச் சுருட்டிக்கிட்டே, "நல்லா இல்லீங்க. அந்த மச்சினன் என்ன ஆனான்? பாத்துட்டுப் போனானே, அவன் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? துபாய் போயிட்டான்னா ஆச்சா?"ன்னாரு.

அத்தைக்கு நீ பாத்தது தெரியாதுன்னுதான் இருந்தேன். போன வாரம் கஞ்சி குடிச்சுட்டு இருக்கறப்ப, "ஓசூருன்னு உனக்கு யாரு சொன்னது?"ன்னாங்க. நான் ஊறுகாயை நகத்தி வச்சேன். "தாசுதானே?"ன்னாங்க. "எத்தனை நாளாத் தெரியுமாம் அவனுக்கு?" "அவனையே கேளுங்க அத்தை"ன்னேன். கிண்ணத்தைக் கீழ வச்சுட்டாங்க. மீதியக் குடிக்கலை. ரெண்டு வருசம் வயித்து வலியோட வாசல்ல உக்காந்திருந்தவங்க அவங்க. உன்கிட்ட கேக்கற உரிமை என்னைவிட அவங்களுக்குத்தான் அதிகம்.

திட்டி எழுதச் சொன்ன, அதுக்குக் கோபம் வரணும். இன்னும் வரலை. வரும்னு நெனக்கறேன். வந்தா எழுதறேன். நீ டீ குடிச்சதைச் சொன்னது மட்டும் நல்லதாப் போச்சு. அந்த ஒரு எடத்துல நீ எதையும் அழகா எழுதலை.

ஆபரேசன் பத்தொம்பதாம் தேதி புதன்கிழமை காலையில, சேலத்துல. செவ்வாய்க்கிழமை மத்தியானமே சேத்துருவாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீ செவ்வாய்க்கிழமை வா. கடிதாசியில எழுதி அனுப்பாத, நான் வாசிச்சுக் காட்ட மாட்டேன். அத்தை முழிச்சிருக்கறப்ப, அவங்க கட்டில் பக்கத்துல உக்காந்து உன் வாயால சொல்லு. என்ன கேக்கறாங்களோ அதுக்கெல்லாம் பதில் சொல்லு. நானும் அங்கதான் இருப்பேன். உனக்காக ஒரு வார்த்தையும் பேச மாட்டேன்.

மழை நேரம். போர்வை கொண்டு வா.

செல்வி